நம் வயலும் நம் குழாயும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. உன்னைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறேன். பேத்தி படம் பார்த்தேன். நெற்றி அப்படியே உன் அம்மாவுடையது. எங்கள் வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் ஏரிப் பக்கம் நடக்கிறார், மிச்ச நேரத்தில் என் சாம்பாரில் குறை கண்டுபிடிக்கிறார்.

ஊர்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு விவாதக் கட்டுரை சொல்லித்தரக் கூப்பிடுகிறார்கள், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். உனக்கு உதவுமானால் எடுத்துக்கொள்.

என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம். பதிநான்கு பதினைந்து வயது. 'கைப்பேசி நன்மையா தீமையா' என்று கொடுத்தால் நன்மை மூன்று, தீமை மூன்று எழுதி, 'அளவோடு பயன்படுத்தி வளமோடு வாழ்வோம்' என்று முடித்துவிடுவார்கள். பாதிப் பேர் 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல்' என்று தொடங்குவார்கள். வள்ளுவர் பாவம், எத்தனை கட்டுரைக்குத்தான் வாசல்காவல் நிற்பார்! இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில் கருத்து இருந்தால் பள்ளியில் முழு மதிப்பெண் கிடைக்கிறதாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்றுக்கு மூன்று என்று எண்ணி வைப்பது கணக்கு. யோசித்த அடையாளம் அதில் எங்கே இருக்கிறது?

அதனால் அவர்களுக்குச் சுடுகிற தலைப்பாகவே கொடுத்தேன்: தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, கர்நாடகத்துக் காவிரியில் இருக்கும் மேகதாதுவில் அணை கட்டலாமா? ஒரு பெற்றோர் தயங்கினார். "இந்த ஊரில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு டீச்சர்?" என்றார். காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரையும் 2016 செப்டம்பரையும் இங்கே பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். பிள்ளைகள் இதைப் பற்றி எப்படியும் எங்கேயாவது பேசத்தான் போகிறார்கள், என் முன்னால் எழுதிப் பழகட்டும் என்றேன்.

நான் வைத்திருப்பது ஒரே விதி. உனக்குப் பிடிக்காத பக்கத்தை முதலில் எழுது. அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரிடம் படித்துக் காட்டு. 'நான் சொல்ல நினைத்தது இதுதான்' என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் உன் பக்கத்தை எழுதலாம்.

அணை கூடாது என்று நின்ற ஒரு பெண், கர்நாடகத்தின் காவிரிப் பாசன ஊரான மண்டியாவிலிருந்து வந்த மாடிவீட்டுக்காரரிடம் போய்த் தன் பத்தியைக் கன்னடத்தில் சொல்லியிருக்கிறாள். 'கர்நாடகத்துக்கும் தண்ணீர் தேவை' என்பதுதான் அதன் சாரம். அவர் சிரித்துவிட்டு, "இது ஒன்றுமே இல்லையேம்மா" என்றாராம். மழை பொய்த்த வருஷத்தில் நெல் போடாதே என்று அவர் ஊருக்கே சொல்வார்கள். கண்ணெதிரே ஆறு தாண்டிப் போகும். கோபம் அங்கேதான் இருக்கிறது என்றிருக்கிறார். அடுத்த வாரம் அவள் கொண்டுவந்த பத்தியில் உயிர் இருந்தது. காவிரித் தீர்ப்பில் சொன்ன நீரைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தபின் மிஞ்சுவதைத்தான் சேமிக்கப் போகிறோம், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) 4.75 பெங்களூரின் குடிநீருக்குத்தான் என்றெல்லாம் எழுதியிருந்தாள். அணை வேண்டாம் என்கிறவளே எழுதிய வாதம் என்று நம்ப முடியவில்லை.

மறுபக்கம் எழுதிய பையனுக்கு வேலை இன்னும் கடினம். அவன் பிறந்தது இங்கே, வயலைப் பார்த்ததில்லை. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி அவர்கள் குடியிருப்பில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அணை கட்டினால் என்ன போச்சு என்பதுதான் அவன் மனசு. அவனுக்கு மேப் விரித்துக் காட்டினேன். கர்நாடகத்தின் கே.ஆர்.எஸ்., கபினி அணைகளுக்குக் கீழே, எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவுக்கு மேலே, எந்த அணையும் தடுக்காமல் தானாக ஓடிவருகிற நீர் இருக்கிறதே, தமிழ்நாட்டுக்குரிய 177.25 டி.எம்.சி.யில் அதுவும் கணக்கில் சேர்ந்தது. அங்கே 67 டி.எம்.சி. கொள்ளளவுக்கு ஓர் அணை வந்தால் அந்த நீரைத் திறக்கும் சாவியும் மேலே இருப்பவர் கைக்குப் போகும். மேட்டூரின் கொள்ளளவே 93.47 தான் என்றதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மேட்டூரைத் திறக்கும் ஜூன் 12 என்ற தேதி உங்கள் ஊரில் ஏன் அவ்வளவு முக்கியம், வடகிழக்குப் பருவமழையை நம்பிக் குறுவை நெல் போட முடியாதது ஏன் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினான்.

அவன் கட்டுரையில் ஓர் இடம் என்னை நிறுத்திவிட்டது. முதல் பத்தியில் 'நம் வயலுக்கு வரவேண்டிய நீர்' என்கிறான். மூன்றாம் பத்தியில் 'நம் குழாய்க்கு வரவேண்டிய நீர்' என்கிறான். இங்கே வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதானே. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். இரண்டில் ஒன்றைத் திருத்தச் சொல்லலாமா என்று சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். திருத்தவில்லை. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளை அப்படித்தான் எழுத முடியும்.

இன்னொருத்தி இரண்டு பக்கத்தையும் விட்டுவிட்டுக் காட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் மூழ்கும், பெரும்பகுதி காவிரி வனவிலங்குச் சரணாலயம் என்று செய்தித்தாளில் படித்திருக்கிறாள். 'யானையிடம் போய் யார் ஒப்புதல் வாங்குவது மிஸ்?' என்று கேட்டாள். என் விதியில் அதற்கு வழியில்லை. அவளை மட்டும் விட்டுவிட்டேன்.

இதில் நாம் படிக்காதது எதுவும் இல்லை, ராஜி. நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தோமே, நினைவிருக்கிறதா? 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவே' என்று ஒன்று வரும். அடுத்தவர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு மறுப்பது. 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே' என்று இன்னொன்று. முரண்பட்ட இரண்டில் ஒன்றைத் துணிவது. பவணந்தியார் நூல் செய்கிறவனுக்குச் சொன்னார், நாம் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தோம். கட்டுரைக்கு இதைவிட வேறு இலக்கணம் எதற்கு?

அந்த 'ஒருதலை துணிவு' இருக்கிறதே, அங்கேதான் பிள்ளைகள் நழுவுகிறார்கள். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்ததுகள், எதிரணியை நக்கலடிக்க நன்றாகத் தெரியும். ஆனால் கட்டுரையில் இரண்டு அணியும் அவர்களே, நடுவரும் அவர்களே. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் 'இரு மாநிலங்களும் சகோதரர்களாகப் பேசித் தீர்க்கவேண்டும்' என்று எழுந்துவிடுகிறார்கள். யார் பேசுவது, எதை விட்டுக்கொடுப்பது, எந்த ஆதாரம் உன்னை இந்தப் பக்கம் சாய்த்தது என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். முடிவு எனக்குப் பிடித்ததாக இருக்கவேண்டும் என்றில்லை. மண்டியாக்காரரிடம் போன பெண் கடைசியில் அணை கட்டலாம், ஆனால் மதகை இரு மாநிலத்துக்கும் பொதுவான ஆணையம் இயக்கவேண்டும் என்று முடித்தாள். எனக்கு அது சரிப்படவில்லை. மதிப்பெண் அவளுக்குத்தான் அதிகம்.

ஒரு பையன் கேட்டான், "தீண்டாமைக்கும் இரண்டு பக்கம் எழுதணுமா மிஸ்?" என்று. இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மனுஷனை மனுஷனாக மதிப்பதா என்பதை விவாதத் தலைப்பாக வைக்கக்கூடாது. நீயும் தலைப்புக் கொடுக்கும்போது இதைப் பார்த்துக்கொள். சமநிலை என்ற பெயரில் எதையும் மேசைமேல் வைத்துவிடுகிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. குறுவை பற்றிப் பையன் எழுதிய பத்திக்கு அவன் அப்பாவின் நண்பர் ஒருவர் ஒப்புதல் கொடுத்தார். அவர் இருபது வருஷமாக ஒயிட்ஃபீல்டில் கணினி வேலையில் இருக்கிறார், வயல் அவருக்கும் நினைவில்தான். எனக்கு அது போதவில்லை. பத்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரரிடம் கொடு. நல்லா எழுதியிருக்கான் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், எங்கே பிசகு என்று பென்சிலால் குறிக்கச் சொல். அவர் கையெழுத்து எனக்குப் புரியாது, பக்கத்தில் நீயும் எழுதிவிடு.

அன்புடன்,
கமலி