நீ ஊத மறுத்த விசில்

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஃபுட்பால் பையன்களுக்குக் கோச்சாக வா என்று போன ஞாயிற்றுக்கிழமை விருதம்பட்டு டீக்கடையில் நான் கேட்டதற்கு நீ சொன்ன வார்த்தை நான்கு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "கால் இருக்கிறவன் ஆடுவான், கால் போனவன் விசில் ஊதுவான். என்னை அந்தக் கணக்குல சேர்க்காதீங்க மாமா." சொல்லிவிட்டுப் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். கொதிப்பில் இருப்பவன் காதில் எதுவும் ஏறாது என்று விட்டுவிட்டேன்.

உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் உன்னைப் போல முட்டி போய் வீட்டில் முடங்கிய பையன்களை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும். உன் பெயரை எழுதவில்லை.

முட்டி லிகமெண்ட் கிழிந்த அன்றைக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். நீ ஆடிய கிளப், ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கிறாய் என்று ஒரு போன்கூடப் பண்ணவில்லை. இருபத்துநாலு வயதில் அதைத் தாங்குவது லேசில்லை. அதைச் சின்ன விஷயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். நீ வைத்திருக்கும் கணக்குதான் தப்பு என்கிறேன்.

பிசியோதெரபிக்காக வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கல்கத்தாப் பெரியவர் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டும் சாப்பாட்டுக்கடை போர்டும் வங்காள எழுத்தில் இருப்பது வெளியூர்க்காரருக்கு ஆச்சரியம், நமக்குப் பழக்கம். மனைவியின் வைத்தியத்துக்காக வந்திருந்தார். உன் முட்டிக் கட்டைப் பார்த்து "ஃபுட்பால்?" என்றார். "ஃபார்வர்ட்" என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியதே! அரைகுறை இங்கிலீஷும் இந்தியுமாக ஒரு மணி நேரம் "பி.கே.தா, பி.கே.தா" என்று பேசினார். "தா" என்றால் வங்காளத்தில் அண்ணன். நீ செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கேட்டேன். எனக்கு அந்தப் பெயர் புதிதில்லை. ஜோலார்பேட்டையில் கூட்ஸ் கார்டாக இருந்த காலத்திலிருந்தே அந்த மனிதர் மேல் எனக்குத் தனிப் பிரியம். அவரும் ரயில்வே ஆள்.

பிரதீப் குமார் பானர்ஜி. 1936இல் வடக்கு வங்காளத்து ஜல்பைகுரிப் பக்கம் பிறந்தவர். ரைட் விங்கில் ஆடிய ஃபார்வர்ட். கல்கத்தாவில் ஆடிய அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுக்கும் ஒரு நாளும் ஆட்டக்காரராகப் போகவில்லை. ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே இருந்துவிட்டார். 1958இல் அந்த ரயில்வே அணி ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் என்ற மூன்று பெரிய கிளப்களையும் ஓரங்கட்டிவிட்டுக் கல்கத்தா லீக்கை வென்றது. அந்த மூன்று கிளப்களைத் தாண்டி இன்னொரு அணி அந்த லீக்கை எடுக்க 2019 வரை ஆயிற்று. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த எங்களைப் போன்றவர்கள் இதை எத்தனை தடவை சொல்லிச் சொல்லி நெஞ்சு நிமிர்ந்திருப்போம் தெரியுமா?

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடத்துக்கு வந்த அணியில் இருபது வயதில் இருந்தார். 1960 ரோமில் அவர்தான் கேப்டன். பிரான்சுக்கு எதிராக 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் நம் கோலைப் போட்டது அவர் கால். ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஆட்டம் இதுவல்ல. 1962, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு இறுதிப்போட்டி.

எதிரே தென்கொரியா. மைதானம் முழுக்க நமக்கு எதிரான கூட்டம். நம் ஸ்டாப்பர், அதாவது பின்வரிசையில் நடுவில் நின்று தடுப்பவர், ஜர்னைல் சிங்குக்கு முந்தைய ஆட்டம் ஒன்றில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். தலையில் தையலோடு பின்னால் நின்று பந்தை முட்டித் தள்ள முடியுமா? அந்த இடத்தில் அவன் தேறமாட்டான் என்று யாராக இருந்தாலும் உட்கார வைத்திருப்பார்கள். கோச் ரஹீம் சாப் என்ன செய்தார்? ஐதராபாத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அவர். ஜர்னைலை முன்னால் கொண்டுவந்து சென்டர் ஃபார்வர்டாக நிறுத்திவிட்டார். இறுதிப்போட்டியில் முதல் கோல் பி.கே. போட்டார். இரண்டாவது கோல் ஜர்னைல் சிங் போட்டார், கட்டுப் போட்ட தலையோடு. 2-1. தங்கம்.

தம்பி, இதை இரண்டு தடவை படி. அடிபட்டவனை வீட்டுக்கு அனுப்பாமல், வேறெங்கே நிறுத்தினால் ஆட்டத்துக்கு ஆவான் என்று ஒரு வாத்தியார் யோசித்தார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் பி.கே. அடுத்த வருஷமே ரஹீம் சாப் புற்றுநோயில் போய்விட்டார். ஐந்து வருஷத்தில் பி.கே.யும் ஷூவைக் கழற்றினார். கழற்றிவிட்டு எங்கே போய் நின்றார் என்பதுதான் கதை.

1972இல் ஈஸ்ட் பெங்காலுக்குக் கோச். அங்கே இருந்த நாலு வருஷமும் கல்கத்தா லீக் அவர்கள் கையில்தான். 1975இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கல்கத்தாக் கோப்பைப் போட்டியின் இறுதியில் மோகன் பகானை 5-0 என்று அடித்தார்கள். கல்கத்தாக்காரரிடம் அந்த 5-0ஐச் சொல்லிப் பார், இன்றைக்கும் ஒருவர் சிரிப்பார், இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நம் பெரியவர் திருப்பிக்கொண்டார். அவர் மோகன் பகான் வீட்டுக்காரர். அடி வாங்கிய அந்த மோகன் பகானே அடுத்த வருஷம் பி.கே.யைக் கூப்பிட்டுக்கொண்டது. ஆட்டக்காரராக எந்த இரண்டு கிளப்பின் வாசலை மிதிக்கவில்லையோ, அந்த இரண்டும் மாறி மாறி அவரைத் தேடி வந்தன.

1977 செப்டம்பர் 24. ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆட அமெரிக்கக் கிளப்பான நியூயார்க் காஸ்மாஸ் வந்து நிற்கிறது. பெலே, கார்லோஸ் ஆல்பர்ட்டோ, கினாலியா. மழையில் நனைந்து கனத்த தரை. மோகன் பகான் பையன்கள் பெலேவைப் பார்த்துக் கையெழுத்துக் கேட்கும் வயசு. பி.கே. அவர்களை ஒரு கட்டத்தில் 2-1 என்று முன்னால் இருக்க வைத்தார். கடைசியில் பெனால்டியில் காஸ்மாஸ் சமன் செய்தது, 2-2. டிரஸ்ஸிங் ரூமில் ஆட்டத்துக்கு முன்னால் அவர் என்ன பேசினார் என்று பெரியவர் நடித்தே காட்டினார். அது அவர் காது வழியாக வந்த கதை, நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் பி.கே.யின் பேச்சுக்குக் கல்கத்தாவில் தனிப் பெயரே இருந்தது, "வோக்கல் டானிக்". வாயால் ஊட்டும் மருந்து. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு அளவு.

ஏன் ஒரு ஃபார்வர்டுக்கு அந்தப் பேச்சு வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நானும் லெஃப்ட் அவுட் ஆடியவன். ஃபார்வர்டின் பாதி வேலை காத்திருப்பது. எண்பது நிமிஷம் பந்தே வராது. வருகிற ஒன்றை வெளியே அடித்தால் மைதானமே திட்டும். அடுத்தது வரும்வரை அந்தத் திட்டோடு தனியாக நிற்கவேண்டும். அந்த நேரத்தில் மனசு என்ன பாடு படும் என்று மற்றவர்களுக்குச் சொல்லித் தெரியாது. பி.கே. அதைப் பன்னிரண்டு வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டவர். இன்னொன்று, டிஃபென்டர் எங்கே பார்க்கிறான், எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறான் என்று ஃபார்வர்ட் பார்த்துக்கொண்டே இருப்பான். அதுதான் அவன் பிழைப்பு. அந்தப் பார்வைக்கு லிகமெண்ட் வேண்டாம்.

முட்டியைப் பற்றியே பேசவேண்டும் என்றால் இங்கிலாந்துக்காரர் ஒருவரைச் சொல்கிறேன், பிரையன் கிளஃப். 274 லீக் ஆட்டத்தில் 251 கோல். 1962 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சண்டர்லேண்டில், உறைந்த தரையில், எதிரணி கோல்கீப்பரோடு மோதியதில் முட்டி போனது. அப்போது அவருக்கு 27 வயது. 30 வயதில் நாலாவது டிவிஷனில் தத்தளித்த ஹார்ட்டில்பூலில் மேனேஜரானார். இரண்டாம் டிவிஷனில் கிடந்த டெர்பியைத் தூக்கி 1972இல் சாம்பியனாக்கினார். பிறகு நாட்டிங்காம் ஃபாரஸ்ட், 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை. அந்த முட்டியின் ஆத்திரம் அவரை விட்டுப் போனதா என்றால், போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். உன் ஆத்திரமும் போகவேண்டாம். அதோடேயே வா.

இப்போது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பொங்கல் லீவில், நீ ஊன்றுகோலோடு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிரவுண்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாய். அந்தக் குள்ளப் பையன், ஒன்பதாம் நம்பர் பனியன் முட்டிவரை தொங்குமே, ஒவ்வொரு தடவையும் முந்தி ஓடி ஆஃப்சைடில் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா கத்தினார், நான் கத்தினேன், ஒன்றும் ஆகவில்லை. நீ அவனைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாய்: "பந்தப் பாக்காதடா. அந்த மூணாம் நம்பர் தோள் திரும்புறப்ப ஓடு. அதுக்கு முன்னாடி நட." பத்து நிமிஷத்தில் அவன் கோல் போட்டான். போட்டதும் எங்கள் பக்கம் ஓடிவரவில்லை. உன்னிடம் ஓடி வந்தான். நீ அவன் தலையில் தட்டிவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் கண்ணை நான் பார்த்தேன்.

அன்றைக்கு உன் கையில் விசில் இல்லை. நீ அப்போதே கோச்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன்னை எச்சரிக்கிறேன். உனக்குத் தானாக வந்தது எல்லாருக்கும் வராது. பெனால்டி பாக்ஸில் நீ யோசிக்காமலே செய்ததை ஒரு பையன் பத்துத் தடவை தப்பாகச் செய்வான். அப்போது உனக்குக் கை பரபரக்கும், நானே போய் அடித்துக் காட்டுகிறேன் என்று இறங்குவாய். இறங்காதே, முட்டிக்காக மட்டும் சொல்லவில்லை. நீ அடித்துக் காட்டினால் அவன் உன் காலைப் பார்ப்பான், பந்தைப் பார்க்கமாட்டான். வார்த்தையைத் தேடிக் கண்டுபிடி. "தோள் திரும்புறப்ப ஓடு" மாதிரி.

இது உடனே கைகூடும் வேலையும் இல்லை. 1997 ஜூலையில் சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேர் பார்க்க ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என்று வென்றதே, பைசுங் பூட்டியா ஹாட்ரிக் போட்ட ஆட்டம், அன்றைக்கும் ஈஸ்ட் பெங்கால் பெஞ்சில் பி.கே.தான். வயது 61. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஷூவைக் கழற்றியவர். 2020 மார்ச்சில் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று நான் காட்பாடி பிளாட்ஃபாரத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நம் பையன்கள் பதினான்கு பேர். அதில் மூன்று பேருக்கு ஷூ இல்லை, அதற்கு ஆம்பூரில் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். சம்பளம் என்று உனக்குத் தர என்னிடம் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அகில இந்திய ஃபுட்பால் சங்கமான ஏ.ஐ.எஃப்.எஃப். நடத்தும் டி லைசென்ஸ் என்ற கோச்சிங் கோர்ஸுக்கு நீ போவதாக இருந்தால் கட்டணத்தில் பாதியை என் பென்ஷனிலிருந்து தருகிறேன். மீதியை உன் அம்மா தருவதாகச் சொல்லிவிட்டார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

சனிக்கிழமை காலை அஞ்சரைக்குப் பையன்கள் வந்துவிடுவார்கள், எட்டு மணிக்கு மேல் நம்ம ஊர் வெயிலில் நிற்க முடியாது. ஆறு பந்தில் இரண்டுக்குக் காற்று இல்லை. பம்ப் உன் வீட்டில்தான் இருக்கிறது, போன வருஷம் நீ வாங்கிப் போனது. எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா
காட்பாடி