உள்ளூரில் தரம் இல்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘சென்னையின் எஃப்.சி.’ கால்பந்து அணியின் ஆள்சேர்ப்பு பற்றிக் கடந்த ஞாயிறன்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படம் நன்றாக இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: ‘உள்ளூரில் அந்தத் தரத்துக்கு ஆள் கிடைக்காததால், அனுபவசாலிகளை வெளியிலிருந்து எடுப்பதைத் தவிர நிர்வாகத்துக்கு வேறு வழியில்லை.’ தங்கள் செய்தியாளர் எந்த உள்ளூரில் போய்த் தேடினார் என்று தெரிவித்தால் நானும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

2023 ஆகஸ்டில் ட்யூரண்ட் கோப்பையில் கொல்கத்தா டெர்பி, அதாவது அந்த ஊரின் இரு பெரிய அணிகள் மோதும் ஆட்டம், நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. மோகன் பகானிடம் வருடக்கணக்காக உதை வாங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அன்று ஒன்றுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியாட்டத்திலும் கோல் போட்டார். டெல்லி எடுத்தது, ஒடிசா எடுத்தது, கொல்கத்தா எடுத்தது. சொந்த ஊர் அணியின் கண்ணில் மட்டும் படவில்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து போன சிவசக்தி நாராயணன் 2022-23 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பருவத்தின் வளரும் வீரர் விருதை பெங்களூரு சட்டையில் வாங்கினார். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2020 ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் நம்மை 3-1 என்று கவிழ்த்த கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இருந்தார். இவர்களெல்லாம் தரம் இல்லாதவர்கள், சரி. அவர்கள் ஆடிய அணிகளிடம் தோற்ற நாம் என்ன?

ஆள் எடுப்பது ஒருபுறம். கையில் இருப்பவரை விடுவதில் இந்த அணிக்கு இணை கிடையாது. 2019-20 பருவத்தில் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய வெளிநாட்டு வீரர் வால்ஸ்கிஸ், பயிற்சியாளர் ஓவன் காயிலோடு சேர்ந்தே ஜாம்ஷெட்பூருக்கு வண்டி ஏறினார். மிசோரம் வீரர் சாங்டேயை 2022 ஜனவரியில் மும்பைக்கு அனுப்பினார்கள். அடுத்த பருவமே அவர் 10 கோல் அடித்து, ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வீரராகி, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். இங்கே இருந்தபோது அவர் வாய்ப்பை வீணடிக்கிறார் என்று தங்கள் பத்திரிகையே எழுதியது நினைவிருக்கும். அனிருத் தாபா 2016-லிருந்து நம்மோடு இருந்தவர். அவர் 2023-ல் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். மோகன் பகான் கொடுக்கும் பணத்தைச் சென்னை கொடுக்க முடியாது, அவரும் குடும்பம் நடத்த வேண்டும். ஆனால் தமிழக வீரர் எட்வின் வான்ஸ்பாலும் அதே கோடையில் போனாரே, அதைப் பற்றி ஒரு வரி வந்ததா?

போனவர்களுக்குப் பதிலாக 2024-ல் யார் வந்தார்கள்? ஜாம்ஷெட்பூரிலிருந்து சீமா சுக்வு, எல்சின்யோ, ஜிதேந்திர சிங். முப்பதைத் தாண்டிய மந்தார் ராவ் தேசாய். பஞ்சாபிலிருந்து வில்மர் ஜோர்டான். தங்கள் பக்கத்தில் அப்போதும் ‘அனுபவமும் இளமையும் கலந்த அணி’ என்றுதான் வந்தது. கலவை 13 அணிகளில் 11-வது இடத்தில் போய் நின்றது. ஜோர்டான் கோல் அடித்தார், இல்லையென்று சொல்லவில்லை. வெளிநாட்டவர் ஆறு பேரைப் பதிவு செய்யலாம், களத்தில் நான்கு பேர்தான் நிற்கலாம் என்று இருக்கும்போது, மீதி ஏழு இடத்துக்கு யாரை வளர்க்கிறோம் என்பதுதானே கேள்வி? ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு அணியோடு கையெழுத்துப் போட வீரருக்கு உரிமை உண்டு. அப்படியென்றால் ஜனவரியிலேயே யாரைத் தக்கவைப்பது என்று உட்கார்ந்து பேச வேண்டாமா? மே மாதம் வந்ததும் ‘நன்றி, போய் வாருங்கள்’ என்று ஒரு அட்டையைப் போட்டுவிட்டு, வேறு ஊரில் கழற்றிவிடப்பட்டவரை இங்கே மாலை போட்டு வரவேற்பதற்குப் பெயர் திட்டமா?

நான் இளம் வயதில் ஓர் அலுவலக அணிக்காகச் சென்னை லீகில் ஸ்டாப்பர் பேக், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் வடசென்னையில் ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்று பையன்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறேன். எங்கள் பையன் ஒருவனை ஒரு பெரிய அணியின் ட்ரையல்ஸுக்கு அழைத்துப் போனேன். அணியின் பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். முதுகில் எண் ஒட்டிய பிப்பை (கையில்லாத மேல்சட்டையை)ப் போட்டுக்கொண்டு பதினோரு மணி வரை வெயிலில் குந்தியிருந்தான். பிறகு பத்து நிமிடம் ஆடவிட்டார்கள், அதுவும் இடது ஓரம் ஏறித் தாக்கும் லெஃப்ட் விங்கரை, வலது ஓரம் தடுக்கும் ரைட் பேக்கில். பார்க்க வந்தவர் பாதி நேரம் கைப்பேசியில் இருந்தார். பையனின் ஸ்டட்ஸ் காலணி அவன் அண்ணனுடையது, முனையில் காகிதம் அடைத்திருந்தான். இன்று அவன் மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். தரம் கிடைக்கவில்லை என்று எழுதும்போது இந்த மாதிரித் தேடலையும் சேர்த்து எழுதியிருக்கலாம்.

இன்னும் பழைய பாக்கி உண்டு. 2018-19-ல் ஐ-லீக் என்ற தேசிய லீகைக் கோவையில் ஜெயித்துக் காட்டியது சென்னை சிட்டி அணி. இரண்டே வருடத்தில் அந்த அணி கரைந்து போனது, எங்கே போயிற்று என்று எந்தப் பக்கத்திலும் தேடவில்லை. மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அதே 2019-ல் இந்திய மகளிர் லீகை வென்றார்கள். 2023-ல் தமிழகப் பெண்கள் தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். தங்கள் பத்திரிகையில் அது எட்டாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்கு அடியில் இருந்தது. அதைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். விளம்பரம்தான் பெரிதாகத் தெரிகிறது.

2015-லும் 2018-லும் இந்த அணி கோப்பை வாங்கியபோது அழுதவன் நான். 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகத் தனபால் கணேஷ் தலையால் முட்டிய கோலுக்கு நேரு விளையாட்டரங்கம் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அது உள்ளூர்ப் பையன் அடித்த கோல் என்பதைத் தங்கள் செய்தியாளருக்கு யாராவது சொல்லலாம்.

கேட்பது அதிகமில்லை. சென்னை சீனியர் டிவிஷன் லீக் ஆட்டங்களின் முடிவுகளை, கோல் அடித்தவர் பெயரோடு, வாரம் ஒருமுறை இரண்டு அங்குலப் பெட்டியில் போடுங்கள். அடுத்த முறை ஆள்சேர்ப்புச் செய்தி வரும்போது வீரரின் வயதையும், ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் சேருங்கள். இடம் போதவில்லை என்றால், மாட்ரிட்டில் யார் யாரை வாங்கப் போகிறார் என்ற தினசரி வதந்தியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
பெரம்பூர், சென்னை