பினாப்தலின் பொடிக்குச் சிக்காதவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர் அதிகாரிகளைக் கண்காணிக்கும் அமைப்புகளைப் பலப்படுத்தினால் அரசுக்குச் செலவு கூடும் என்று அண்மையில் தங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கூடும்தான்; எதனால் கூடுகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் வியாபாரி நான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தில், என் கண்ணெதிரே, இளநிலை உதவியாளர் ஒருவர் லஞ்சம் வாங்கும்போது பிடிபட்டார். கண்ணாடி டம்ளரில் இருந்த சலவை சோடா கரைசலில் விரல்களை முக்கியதும் நீர் இளஞ்சிவப்பானது. சோடா நீர் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினாப்தலின் பொடி தடவிய நோட்டுகள், இரண்டு சாட்சிகள், ஒரு ஜீப், அவ்வளவே செலவு. (அன்று கையெழுத்தாகாத தாளுக்காக என் தக்காளி லாரி மாலைவரை வெயிலில் நின்றது.)

டெண்டர் நிபந்தனையை ஒருவருக்கே பொருந்தும்படி திருத்தி எழுதும் மேலதிகாரியின் விரலில் பொடி ஒட்டுவதில்லை. அவரை விசாரிக்க வங்கிக் கணக்குகளையும், பத்திரப் பதிவுகளையும், உறவினர் பெயரிலுள்ள நிறுவனங்களின் வரவு செலவையும் மாதக்கணக்கில் புரட்ட வேண்டும். அதற்குத் தணிக்கையாளரும் பொறியாளரும் கணினித் தடயம் அறிந்தவரும் தேவை. போதாததற்கு, 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு, அலுவல் கடமையில் எடுத்த முடிவுகளை விசாரிக்க அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. லஞ்சம் வாங்கும்போதே கையும் களவுமாகக் கைதாகிறவருக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை.

வீண்செலவு எது என்று கேட்டால், அதற்கும் உதாரணம் உண்டு. மத்திய அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக்பால், 2019-இல் டெல்லி நட்சத்திர ஓட்டலில் மாதம் சுமார் 50 லட்சம் ரூபாய் வாடகைக்கு இயங்கியது. 2025 அக்டோபரில் ஏழு பி.எம்.டபிள்யூ. கார்களுக்கு டெண்டர் கோரியது. காருக்கும் கட்டடத்துக்கும் கொட்டுவதைப் பலப்படுத்துதல் என்று சொல்ல முடியாது. செலவே இல்லாமல் பலவீனப்படுத்தவும் முடியும்: மலைக்கு அந்தப் பக்கம், மாநில அளவில் ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக் ஆயுக்தா, ஒருவர் பதவியில் நீடிக்கக் கூடாது என்று அறிவித்தால் அதை ஏற்றே ஆக வேண்டும் என்றிருந்த 1999 சட்டத்தின் 14-ஆம் பிரிவை, 2022-இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் நீர்த்துப்போகச் செய்தது.

2018-இல் சட்டம் இயற்றப்பட்ட நம் லோக் ஆயுக்தாவுக்கு ஒதுக்கும் தொகையில் விசாரணையாளர்களுக்கு எவ்வளவு, வாகனத்துக்கும் கட்டடத்துக்கும் எவ்வளவு என்பதை மானியக் கோரிக்கையின்போது அரசு தனித்தனியே அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காய்கறி வியாபாரி ஒருவர்,
செங்கோட்டை.