பட்டாளத்து ஊர்வலம்: ஊராருக்கு ஒரு நன்றி மடல்

வெண்ணாற்றங்கரை உறவுகளுக்கு வணக்கம்.

மார்கழி முதல் நாளான டிசம்பர் 16 அன்று நம் ஊர்ப் பட்டாளத்துக்காரர்களுக்கு மாலை போட்டு நடத்திய ஊர்வலம் நல்லபடியாக முடிந்தது. மழை வரும் என்று எல்லோரும் பயமுறுத்தினீர்கள். வந்தது, ஆனால் பொங்கல் பரிமாறி முடித்த பிறகுதான் வந்தது. அதற்கான நன்றியை அய்யனாரிடம் நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கு இந்த மடல்.

பாகிஸ்தானோடு நடந்த 1971 போர் பதின்மூன்று நாளில், இதே டிசம்பர் 16 அன்று முடிந்தது. டாக்காவில் நம் தளபதி ஜக்ஜித் சிங் அரோராவின் முன்னால் பாகிஸ்தான் தளபதி நியாஜி கையெழுத்திட, ஏறத்தாழ 93,000 பேர் சரணடைந்தார்கள். நீலகிரி வெலிங்டனில் பட்டாளப் பயிற்சி முடித்து வந்திருந்த எனக்கு அப்போது இருபத்தொரு வயது. வெற்றிச் செய்தி வந்த இரவில் நாங்கள் ஆடவுமில்லை பாடவுமில்லை. அடித்துப் போட்டதுபோல் தூங்கினோம். பிறகு விடுப்பில் வந்தபோது பஸ் நிறுத்தத்தில் என் அம்மா மட்டும் நின்றிருந்தார். அதே இடத்திலிருந்து இந்த வயதில் என்னைத் தவில் முழங்க அழைத்துப் போனீர்கள்.

நாதஸ்வரக்காரர், சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரி சாமிக்கு மட்டும்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரிதான். அதற்குப் பதில் அவர் வாசித்ததைக் கேட்டு, முழங்கால் வலிக்காரர்கள்கூடக் காலை எட்டிப் போட்டோம். பணத்தையும் அவர் தொடவில்லை. உர மூட்டை ஏற்றும் டிராக்டர் பெட்டியை ராத்திரியோடு ராத்திரியாகக் கழுவி, நடக்க முடியாத மூவருக்கு நாற்காலி கட்டிக் கொடுத்த பையன்களுக்கும், விடியுமுன் தெரு முழுக்கக் கோலமிட்டுப் பூசணிப்பூ வைத்த பெண்பிள்ளைகளுக்கும் நன்றி. பந்தல்காரருக்கும் நன்றி, பாதிப் பாக்கி இன்னும் இருக்கிறது.

இனி, சொல்லக் கூசுகிற ஒன்று. மாலை போடுவதற்கான பட்டியலை எழுதியவன் நான். பதினொரு பெயர். டீக்கடைத் தங்கை அதை வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணே, திரும்பி வந்தவர்களுக்கு மட்டும்தான் மாலையா?" என்று கேட்டார். கையிலிருந்த டீ ஆறிப்போனது. கீழத்தெருவிலிருந்து என்னோடு ஒரே நாளில் பஸ் ஏறியவன் அந்தப் போரிலிருந்து திரும்பவில்லை. அவன் மனைவியின் வாசலைத் தினமும் கடந்துதான் நான் ஆற்றுக்குப் போகிறேன். எழுதத் தோன்றவில்லையே!

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் மேடையில் பேசியபோது அது இன்னும் உறைத்தது. ராஜேந்திர சோழன் கங்கை வரை வென்றதற்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியே வெற்றித்தூண் ஆனது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு சரபோஜி மன்னர் மல்லிப்பட்டினம் அருகே மனோராவை எட்டு அடுக்காகக் கட்டினார். "வேல் பிடித்தவன் பெயர் எது, சொல்லுங்கள்" என்று கேட்டார் அவர். என் பட்டியல் சட்டைப்பையிலேயே இருந்தது, பன்னிரண்டாவது பெயரை நான் அவசரமாகச் செருகியிருந்த நிலையில்.

கீழத்தெருப் பெண்களுக்குத்தான் பெரிய நன்றி. கல்யாண வீட்டில் தூணோரம் ஒதுங்கி நிற்கும் அந்த அம்மாளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து ஊர்வலத்தின் முன்னால் நிறுத்தினீர்கள். எங்களுக்கு முன்பாக அவருக்கு ஆரத்தி எடுத்தீர்கள். "எனக்கெதற்கு இதெல்லாம்" என்று அவர் முகத்தை மூடிக்கொண்டார். தட்டு ஏந்திய பாட்டி, "சும்மா நில்லுடி" என்று ஓர் அதட்டல் போட்டார். நின்றார். நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டார்கள். முணுமுணுத்தவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களும் பொங்கலுக்கு உட்கார்ந்தார்கள்.

டிராக்டர் பெட்டியில் இரண்டு குடைகளும் ஒரு மூக்குக்கண்ணாடியும் கிடந்தன. என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியல் என்னிடம் இல்லை. தங்கையிடம் ஒப்படைத்துவிட்டேன். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் டீக்கடையில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெரு ஓய்வு பெற்ற ஹவில்தார்