டிராகுலா: மினாவிடம் மறைத்ததன் விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை முதன்முறையாகப் படித்த இளம் வாசகர்களின் கருத்துகளைத் தாங்கள் சென்ற இதழில் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். கண்ணெதிரே நடப்பதைக்கூடப் புரிந்துகொள்ளாத அசடுகளாக அதன் பாத்திரங்கள் இருக்கிறார்கள் என்பதும், டிராகுலாவை வேட்டையாடும் முயற்சியிலிருந்து கதாநாயகி மினாவை ஒதுக்கிவைத்ததன் மூலம் ஆசிரியர் பெண்களைத் தாழ்த்திவிட்டார் என்பதும் அவற்றில் திரும்பத் திரும்ப ஒலித்த இரு குறைகள். அந்த இளைஞர்களின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை மூட்டுவதே நாவல்தான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை என்று கருதுகிறேன்.

1897 மே மாதம் லண்டனில் வெளிவந்தபோது இதை வாங்கியவருக்குக் கோமகன் டிராகுலா ரத்தம் குடிக்கும் காட்டேரி என்பது தெரியாது. இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பொறுமையின்மைக்கு இது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நாவலின் அமைப்பு. மினாவின் கணவன் ஜோனதனின் சுருக்கெழுத்து நாட்குறிப்பு, மனநோய் மருத்துவமனை நடத்தும் டாக்டர் சீவர்ட் போனோகிராப் என்ற ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிந்த குறிப்புகள், மினாவின் தோழி லூசியின் கடிதங்கள், கப்பல் தலைவரின் பதிவேடு, தந்திகள், நாளிதழ்ச் செய்திகள் என எல்லாத் தாள்களும் நம் கையில் இருக்க, பாத்திரங்களிடம் அவரவர் தாள் மட்டுமே இருக்கிறது. அவற்றையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கித் தட்டச்சு செய்து, எல்லோரும் படிக்கும்படி செய்தவள் மினா. பின்னர் டிராகுலா மூலப் பிரதிகளையும் போனோகிராப்பின் மெழுகு உருளைகளையும் நெருப்பிலிட்டு அழித்தபோது, இரும்புப் பெட்டியில் இருந்த தட்டச்சுப் பிரதிதான் அவர்களைக் காப்பாற்றுகிறது.

அப்படிப்பட்டவளை, செப்டம்பர் 30 இரவு, ‘இனி இதில் உங்களுக்குப் பங்கில்லை’ என்று வேட்டைக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் வான் ஹெல்சிங் விலக்குகிறார். அன்றிரவு ஆண்கள் அனைவரும், தாங்கள் தங்கியிருக்கும் சீவர்டின் மருத்துவமனைக்குப் பக்கத்தில் டிராகுலா வாங்கியிருந்த கார்ஃபாக்ஸ் மாளிகையைச் சோதிக்கப் போகிறார்கள். விடியற்காலையில் திரும்பும் ஜோனதன், உறங்கும் மனைவியின் முகம் வழக்கத்தைவிட வெளுத்திருப்பதைப் பார்த்து, கூட்டத்தில் பேசியது அவளைப் பாதித்துவிட்டதோ என்று எண்ணி, இனி அவளை இதில் சேர்க்கப்போவதில்லை என்று ஆறுதலும் அடைகிறான். பொழுது ஏறிய பின்னும் அவளை எழுப்ப இரண்டு மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. அதே இரவைப் பற்றி மினாவும் எழுதுகிறாள்: கதவின் இடுக்கு வழியே மூடுபனி நுழைகிறது, அதற்குள் சிவந்த கண்கள், தன்மேல் குனியும் வெளிறிய முகம். கனவென்று நினைக்கிறாள், மற்றவர்கள் கலங்குவார்களே என்று டாக்டரிடமும் சொல்லாமல் விடுகிறாள். டிராகுலாவுக்கு இரையாகி இதே வெளுப்போடு லூசி இறந்து பத்து நாள்தான் ஆகிறது. அவளுக்கு ரத்தம் கொடுத்த நால்வரும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்! (ரத்த வகை பாராமல் எப்படி ஏற்றினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் ரத்த வகைகளைப் பற்றி எழுதியது 1901-இல். ஸ்டோக்கருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.)

இரண்டு குறிப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் நாம் பதறுகிறோம். அவற்றை எழுதிய கணவனும் மனைவியும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல் ஒரே அறையில் இருக்கிறார்கள். பெண்ணைக் காப்பதாக எண்ணி எடுத்த முடிவே அவளை டிராகுலாவிடம் ஒப்படைத்துவிடுகிறது. சில நாள்களில் உண்மை வெளிப்பட்டதும், இனி எதையும் மறைப்பதில்லை என்று அவர்களே தீர்மானிக்கிறார்கள். விலக்கியது தவறு என்று நாவலே தீர்ப்பளித்த பிறகு, அந்தத் தவற்றை ஆசிரியரின் கொள்கையாகக் கொள்வது முறையாகுமா?

மற்றக் குறைகளில் சிலவற்றை நான் மறுக்கமாட்டேன். வான் ஹெல்சிங்கின் பேச்சுகள் நீளம்தான். கிழக்கிலிருந்து வரும் அந்நியரையும் நாடோடிகளையும் யூதரையும் நாவல் வருணிக்கும் விதம் இன்று கூசவைக்கிறது. அதைக் கண்டித்தவர்கள் சரியாகவே கண்டித்தார்கள். ஆனால் வெயிலில் சாகாத டிராகுலாவைப் பிழை என்றவர் திரைப்படத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார். சூரிய ஒளியில் அழியும் ரத்தக் காட்டேரி 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானியப் படம் தந்தது. நாவலிலோ ஜோனதன் அவனைப் பிக்காடிலி தெருவில் பட்டப்பகலில் காண்கிறான்.

மினாவின் பொருட்டு ஸ்டோக்கரிடம் கணக்குக் கேட்க வேண்டுமென்றால் அதற்குரிய இடம் கடைசிப் பக்கம். தப்பியோடும் டிராகுலா எந்த வழியாகக் கோட்டைக்குத் திரும்புவான் என்று ஆண்கள் திகைத்து நிற்கையில், நிலப்படத்தை வைத்துக்கொண்டு சாலை, இரயில், ஆறு என ஒவ்வொன்றாக ஆராய்ந்து, செரெத் ஆற்றின் வழியாகத்தான் போவான் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். ஏழு ஆண்டுகள் கழித்து எழுதப்படும் முடிவுக் குறிப்பில் அந்த உழைப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் தட்டச்சு செய்தவை வெறும் தாள் குவியல், சான்றாகாது என்கிறான் கணவன். வீரமிக்க தாய் என்று அவளைப் புகழும் வான் ஹெல்சிங்கோ, அவளுக்காகச் சில ஆண்கள் எவ்வளவு துணிந்தார்கள் என்பதை அவள் மகன் ஒருநாள் அறிவான் என்று சொல்லி முடிக்கிறார். அவள் செய்ததை மகனுக்கு யார் சொல்வார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை