கரும்புக் காட்டிலிருந்து வந்த குட்டி

அன்புள்ள பிரபுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் குரலை உயர்த்திவிடுவோம், அதனால்தான் கடிதம். வாங்கப் போவதாகச் சொல்லி நீ அனுப்பிய குட்டியின் படத்தைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அந்தச் சாம்பல் நிறமும் நீளக் கால்களும் அழகுதான் கண்ணு. பாதி ஓநாய், பாதி நாய் என்கிறாய். "குட்டியிலிருந்தே வளர்த்தால் எதுவும் பழகிடும்மா" என்றாயே, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் வலது கட்டைவிரலில் இருக்கும் தழும்பை நீ சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாய். தையல் மெஷின் ஊசி ஏறியது என்று சொல்லிவைத்திருந்தேன். அது ஊசி இல்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கோபியில் நம் கரும்புக் காட்டில் வெட்டு நடந்தபோது, சோகைக்குள் கண் திறக்காத காட்டுப்பூனைக் குட்டி ஒன்று கிடந்தது. பொழுது சாயும்வரை தாய் வரவில்லை. உன் அப்புச்சி, அதாவது என் அப்பா, அதைத் துண்டில் சுருட்டி எடுத்து வந்து, நாலு நாள் முன்பு குட்டி போட்டிருந்த எங்கள் வீட்டுப் பூனையின் மடியில் விட்டார். அதுவும் நக்கிக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. ஒரே கூடை, ஒரே பால். நாலு குட்டிகளையும் தூக்கிக் கொஞ்சியதும் இதே கைதான்.

ஒன்றரை மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. கருவாட்டுத் தலையோடு போய் "பூஸ், பூஸ்" என்றால் மூன்று குட்டிகள் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு காலைச் சுற்றும். நாலாவது, நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து பார்த்தபடியே இருக்கும். நான் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் வரும். ஒருநாள் தின்னும்போது முதுகைத் தடவப் போனேன். கட்டைவிரலில் பல் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் வந்துவிட்டது. அழுதுகொண்டே, "நான்தானே வளர்த்தேன்" என்று அப்புச்சியிடம் கேட்டேன். "அது கேட்டா வந்துச்சு? நாமதானே தூக்கிட்டு வந்தோம்" என்றார். சில மாதத்தில் அது ராத்திரி போய், விடிந்தால் வரும். அப்புறம் வரவே இல்லை.

அதற்கு விளக்கம், நான் விலங்கியல் பாடம் நடத்திய காலத்தில்தான் எனக்குக் கிடைத்தது. புடாபெஸ்ட்டில் எட்வோஷ் லோராந்த் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஓநாய்க் குட்டிகளைப் பிறந்த ஒரு வாரத்துக்குள் எடுத்து, ராத்திரி பகல் கூடவே வைத்து வளர்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவு மனிதரோடு பழகிய நாய்களையும் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்த பிறகு, மூடியைத் திறந்து கறி எடுக்கப் பழக்கினார்கள். இரண்டும் கற்றுக்கொண்டன. பிறகு மூடியைத் திறக்க முடியாதபடி இறுக்கிவிட்டார்கள். நாய்கள் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுத் திரும்பி மனிதர் முகத்தைப் பார்த்தன. ஓநாய்கள் முகத்தைத் தேடவே இல்லை, மூடியோடே போராடின. 2003இல் இதை வெளியிட்டார்கள்.

ஓநாய்க்குப் புத்தி குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்புருன் என்ற ஊரில் உள்ள ஆய்வு மையத்தில் ஓநாய்களை உட்காரச் சொன்னால் உட்காருகின்றன, கயிறு கட்டிக்கொண்டு நடக்கின்றன, தொடுதிரையில் மூக்கை வைத்துப் படம் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அங்கே அதற்கென்றே தேர்ந்த ஆட்களும் பெரிய பெரிய வேலிகளும் இருக்கின்றன. உனக்கு இருப்பது இரண்டு அறை வீடு.

நாயின் அந்தக் குணம் பல்லாயிரம் வருஷத் தலைமுறைகளில் வந்தது. ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க்கில் பெலியாயெவ் என்ற மரபியல் அறிஞர் 1959இல் தொடங்கிய நரிச் சோதனையை நினைத்துப் பார். நரிகளுக்கு எதுவும் பயிற்சி கொடுக்கவில்லை. மனிதரைக் கண்டு பயப்படாததையும் கடிக்காததையும் மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் பொறுக்கி இணை சேர்த்தார்கள். சில தலைமுறைகளிலேயே ஆளைக் கண்டு வாலாட்டும் குட்டிகள் பிறந்தன. ஒரு குட்டியை நாம் எவ்வளவு கொஞ்சினாலும் அந்தத் தலைமுறைகளை ஈடுகட்ட முடியாது. கலப்புக் குட்டியில் யாருடைய குணம் தலைதூக்கும் என்பதை, விற்கிறவர் சொல்லும் சதவீதத்தை வைத்துச் சொல்லிவிடவும் முடியாது. ஒரே ஈற்றில் ஒன்று நாய் மாதிரியும் இன்னொன்று ஓநாய் மாதிரியும் வளரும். இரண்டு வயதை ஒட்டிப் பருவம் வரும்போதுதான் உனக்கே தெரியும். அதற்குள் நீ அதன்மேல் உயிரையே வைத்திருப்பாய்.

அப்புறம் உன் பூனை வெள்ளச்சி என்ன ஆவாள்? ஒரு பூனை ஓடினால் அந்தக் குட்டி துரத்தும், அதன்மேல் தப்பே இல்லை. அவள் சொன்னபடி கேட்பதில்லை என்று குறைப்படுகிறாய். பூனையின் மூதாதை கூட்டமாக வேட்டையாடிய ஜீவன் இல்லையப்பா. தனியாக எலி பிடித்துத் தின்றது, நம் தானியக் கிடங்கைத் தேடித் தானாகவே வந்தது. அதட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது. சொன்னதைச் செய்த அந்த நொடியில் ஒரு துண்டு மீன் கொடுத்துப் பார், கற்றுக்கொள்வாள். தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பூனைகள் பிரித்தறிகின்றன என்று ஜப்பானில் 2019இல் காட்டியிருக்கிறார்கள்.

வேலை முடிந்து வெறும் வீட்டுக்கு வருவது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கதவைத் திறந்ததும் உன் முகத்தைத் தேடும் ஒரு ஜீவன் வேண்டும், அவ்வளவுதானே? அப்படியென்றால் காப்பகத்துக்குப் போய் ஒரு நாயைக் கூட்டி வா. பூனையோடு இருந்து பழகியதா என்று கேட்டுப் பார்த்து எடு. நாலு வயது, ஐந்து வயது நாயானாலும் பரவாயில்லை.

அந்தக் குட்டிக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றாய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், அதுவரை கட்டாதே. அப்பாவும் இதையேதான் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா