தங்கம் நெசம், காசு பொய்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்லைன் ஏலத்துல பழைய தங்கக் காசு வாங்குறது பத்தி உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த கட்டுரைய படிச்சேன். நல்ல விஷயம் தான் எடுத்திருக்கீங்க, ஆனா கடைசில "உரசிப் பாத்து தங்கம்னு தெரிஞ்சுட்டா நஷ்டமே கிடையாது"ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, அந்த வரிக்காகத் தான் இந்தக் கடுதாசி. நான் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரன், அப்பா காலத்துல இருந்து உரைகல் பிடிக்கிற குடும்பம், இப்ப பேங்குல நகைக்கடனுக்கு மதிப்பு போட்டுக் குடுக்குறேன். தங்கமான்னு பாக்குறது ஒரு வேலை, அந்தக் காசு அந்தக் காசு தானான்னு பாக்குறது வேற வேலை. முதல் வேலை எனக்கு அஞ்சு நிமிஷம். ரெண்டாவதுல தான் ஜனங்க பணம் போகுது.

பர்கூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி ஏலத்துல எடுத்த பிரிட்டிஷ் சவரன் தங்கக் காசு ரெண்டு கொண்டு வந்தாரு. ரெண்டும் அஞ்சாம் ஜார்ஜ் தலை போட்டது, ஒண்ணு 1917, இன்னொண்ணு 1913. லண்டன்ல அடிச்ச 1917 இப்ப ரொம்ப அரிது, அதனால தங்க விலைக்கு மேல நிறையவே குடுத்து எடுத்திருக்காரு. தராசுல வெச்சா 7.98 கிராம், உரசிப் பாத்தா 91.6 டச், அதாவது நூத்துக்கு 91.6 பங்கு தங்கம், எல்லாம் பக்கா. அப்புறம் லென்ஸ் வெச்சு பாத்தா 1917 காசுல மன்னர் கழுத்துக்கு கீழ ஒரு சின்ன பரு மாதிரி புடைச்சிருக்குது, விளிம்புல இருக்கிற பல்லு ரெண்டு ஒட்டிக் கிடக்குது, மறுபக்கத்துல இருக்கிற குதிரையோட வால் முடி தனித்தனியா இல்லாம மெழுகு மாதிரி வழிஞ்சிருக்குது. சரின்னு 1913 காச திருப்பிப் பாத்தா அதே எடத்துல அதே பரு, அதே ரெண்டு பல்லு. வருஷம் வேற, ஆனா குறை மட்டும் அச்சு அசலா ஒண்ணு. உண்மையான ஒரு காச வெச்சு அச்சு எடுத்து, அந்த ஒரே தலை அச்ச வெச்சுக்கிட்டு, வருஷம் இருக்கிற குதிரைப் பக்கத்து அச்ச மட்டும் மாத்தி மாத்தி அடிச்சா தான் இப்படி வரும். "அண்ணா, தங்கம் தானேண்ணா, அப்ப என்ன பிரச்சனை"ன்னு கேட்டாரு. தங்கம் தான் தம்பி, உருக்கினா தங்கத்துக்கான காசு வரும், நீங்க மேல குடுத்தது வராதுன்னேன். முகமே செத்துப் போச்சு.

இது இன்னைக்கு நேத்து வந்த வேலை இல்ல. 1950, 60கள்லயே லெபனான் பெய்ரூட்ல பட்டறை போட்டு சவரன் காசு அடிச்சிருக்காங்க, அதுலயும் தங்கம் நல்லாவே இருந்துச்சு. நம்ம ஊரு ஆசாரிங்களும் காசு மாலைக்கு ராணி தலை, ராஜா தலைன்னு காசு அடிச்சுக் குடுத்திருக்காங்க, அது ஏமாத்துறதுக்கு இல்ல, மாலைக்கு காசு வேணும், அடிச்சாங்க, அவ்வளவு தான். அந்த மாலைய பிரிச்சு ஒண்ணொண்ணா ஏலத்துல போட்டு "பிரிட்டிஷ் ஒரிஜினல்"னு எழுதுறவன் தான் ஏமாத்துறவன்.

இன்னொரு விஷயம், உங்க கட்டுரைல காந்தம் வெச்சு பாக்கச் சொல்லியிருக்கீங்க. காந்தத்துல ஒட்டினா அது தங்கம் இல்லன்னு சொல்லலாம், சரி. ஆனா பித்தளை, செம்பு, ஈயம், வெள்ளி எதுவும் தான் ஒட்டாது, அதனால ஒட்டலன்னு சந்தோஷப்படுறதுல அர்த்தமே இல்ல. அதுக்குப் பதிலா எடையும் அளவும் சேத்துப் பாக்கச் சொல்லியிருக்கலாம். சவரன் காசு 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். அதே அளவுல பித்தளைல அடிச்சு முலாம் பூசினா 4 கிராம் கூட வராது, எடைய 8 ஆக்கணும்னா கனம் ரெண்டு மடங்கு வெக்கணும், கைல எடுத்தாலே தெரிஞ்சுடும். புழங்கின காசு தேஞ்சு கொஞ்சம் குறையலாம், 7.94க்கு கீழ போனா அந்தக் காலத்துலயே சட்டப்படி செல்லாது. ஆனா நல்லா தேஞ்ச மாதிரி இருக்கிற காசு 8.02 காட்டுதுன்னா எனக்கு சந்தேகம் வந்துடும், தேய்மானத்துல எடை ஏறுமா என்ன?

மில்லிகிராம் தராசு இருக்கிறவங்க தண்ணி டெஸ்ட் பண்ணலாம், காசுக்கு ஒரு கீறல் கூட விழாது. டம்ளர்ல தண்ணி ஊத்தி தராசுல வெச்சு ஜீரோ பண்ணிட்டு, காச நூல்ல கட்டி அடில படாம முழுசா முங்குற மாதிரி தொங்க விட்டா, சவரன் காசுக்கு 0.45 கிராம் காட்டணும். எடைய அதால வகுத்தா 17.7 பக்கம் வரும், 22 காரட்டோட அடர்த்தி அது தான். சுத்தத் தங்கம் 19.3, வெள்ளி 10.5, ஈயம் 11.3. டங்ஸ்டன் மட்டும் 19.25, அதனால 24 காரட் கட்டிங்க விஷயத்துல இந்த டெஸ்ட்ட மட்டும் நம்பிடக் கூடாது. ஹால்மார்க் சென்டர்ல எக்ஸ்ரே விட்டு மாத்து பாக்குற எக்ஸ்ஆர்எஃப் மெஷினும் மேல் தோலத் தான் படிக்கும், முலாம் தடிமனா இருந்தா அதையே உள்ள வரைக்கும்னு நெனச்சுக்கும்.

உரசுறத பத்தியும் சொல்லணும். சேகரிக்கிறவன் வாங்குற காசுல ஒரு உரசல் தடம் விழுந்தாலே அதோட விலை இறங்கிடும், அப்படி இருக்க எல்லாத்தையும் உரசிப் பாருங்கன்னு பத்திரிகைல எழுதுறது நியாயமா சார்? அதுலயும் நம்ம கிருஷ்ணகிரி வட்டாரத்த அந்தக் காலத்துல பாராமகால்னு சொல்லுவாங்க, இங்க பழைய குடும்பங்கள்ல பணம்ங்கிற குட்டித் தங்கக் காசு இன்னமும் இருக்குது, 1792ல திப்பு இந்தப் பகுதிய ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்கு விட்டுக் குடுக்குறதுக்கு முன்னாடி மைசூர்ப் பணமும் வராகன்ங்கிற தங்கக் காசும் இங்க புழங்கின பூமி இது. ஒரு பணம் 0.3, 0.4 கிராம் தான், சுண்டு விரல் நகத்து மேல வெச்சா நகம் மிச்சம் இருக்கும். அதுல பலதும் மாத்து கம்மியா அடிச்சது. உரசினா மட்டமா காட்டும், "டூப்பு"ன்னு சொல்லி உருக்கிடுவாங்க. அப்ப நெசமான காசு தங்கம் சரியில்லன்னு அழிஞ்சு போகுது, போலிக் காசு தங்கம் சரியா இருக்குதுன்னு ஏலத்துல ஜெயிக்குது. உங்க ஒரு வரி ரெண்டு பக்கமும் தப்பா வேலை செய்யுது.

போட்டோல என்ன பாக்கலாம்னா, முதல்ல விளிம்பு போட்டோ கேக்கணும். வார்ப்புல ஊத்தின காசுன்னா விளிம்புல ஒட்டு தெரியும், வரி வரியா இருக்க வேண்டியது அங்கங்க மழுங்கியிருக்கும். தலைக்கு மேல வெட்டி எடுத்த போட்டோன்னா மாலை வளையம் ஒட்டியிருந்த தடத்த மறைக்கிறாங்கன்னு வெச்சுக்கலாம். தராசு மேல காசு இருக்கிற போட்டோ கேட்டா குடுக்காதவன் கிட்ட ஏலம் கேக்கவே கூடாது. பம்பாய்ல அஞ்சாம் ஜார்ஜ் சவரன் அடிச்சது 1918 வருஷம் போட்டு மட்டும் தான், சுமார் 13 லட்சம் காசு, குதிரைக்கு கீழ வருஷத்துக்கு மேல குட்டியா ஐ எழுத்து இருக்கும். வேற வருஷத்து ஜார்ஜ் காசுல அந்த எழுத்து இருந்தா அத அப்படியே தாண்டிப் போயிடலாம். காச சோதிச்சு தரம் போட்டு நம்பரோட மூடிக் குடுக்குற கிரேடிங் கம்பெனி பொட்டிக்குள்ள இருக்கிற காசுன்னா அந்த நம்பர கம்பெனி சைட்ல போட்டு அங்க இருக்கிற போட்டோவோட ஒப்பிடணும், நம்பர் இருக்குதுன்னு மட்டும் பாத்தா பத்தாது, நெசமான நம்பர காப்பி அடிச்சு போலிப் பொட்டி செய்யிறாங்க. அப்புறம் வெவரத்த கடைசி வரி வரைக்கும் படிக்கணும், "ஜி.பி."ன்னோ "கோல்ட் டோன்"னோ ஒரு மூலைல இருக்கும், அது முலாம் தான், அவன் சொல்லிட்டு தான் விக்கிறான்.

ராமர் சீதை படம் போட்டு ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818னு வர்றத பத்தி எழுதவே வெக்கமா இருக்குது, கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே இல்ல. அரிசிய இழுக்கிற சக்தி இருக்குதுன்னு கதை விட்டு விக்கிற ரைஸ் புல்லிங்ல ஓசூர் பக்கம் எவ்வளவு பேர் ஏமாந்தாலும் அந்தக் காசுக்கு மவுசு குறையல. அதே மாதிரி "நிலத்துல ஏர் ஓட்டும்போது கெடச்ச புதையல்"னு கதை சொல்லி முதல்ல ஒரே ஒரு நல்ல காச குடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுவான், அது நெசமா தான் இருக்கும், மூட்டைல வர்றது தான் பித்தளை. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கெடச்சா கலெக்டருக்கு எழுதித் தரணும், அவன் சொல்றது நெசம்னாலே அது குத்தம், பொய்ன்னா மோசடி. ஏமாந்தவங்க வெக்கப்படாம உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடணும், லேட் ஆக ஆக பணம் கை மாறிப் போயிடும்.

சார், கடைசியா ரெண்டு வேண்டுகோள். அடுத்த தடவை எழுதினா ஒரு நெசக் காசோட விளிம்பையும் ஒரு போலியோட விளிம்பையும் பக்கத்துல பக்கத்துல பெருசா போட்டோ போடுங்க, அரைப் பக்கம் ஆனாலும் பரவால்ல. ரெண்டாவது, அந்தக் கட்டுரை வந்த அதே இதழ்ல பின்னாடி "பழைய நாணயம் இருக்கா? லட்சங்கள் தருகிறோம்"னு வரி விளம்பரம் வந்திருக்குது. ரிசர்வ் வங்கி பேரச் சொல்லி பழைய காசுக்கு கமிஷன், வரின்னு பணம் கறக்குறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிச்சது உங்களுக்குத் தெரியாம இருக்காது. விளம்பரம் குடுத்தவங்க யாரு, எங்க கடை வெச்சிருக்காங்கன்னு விசாரிச்சுட்டு போடுங்க, இல்லன்னா போடாதீங்க.

இப்படிக்கு,
நகை மதிப்பீட்டாளர் ஒருவர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.